இரண்டும் இடப்பக்கம்

ஜூன் 4

லேசர் மெஷின் வந்து இறங்கியது. ஷெட் கதவைக் கழற்றி வைத்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. பொருத்த வந்த மெக்கானிக் வசந்தன், “தினமும் எழுதி வைங்க மேடம். இன்னா தோலு, எவ்ளோ வேகம், லென்ஸ் எப்போ தொடச்சீங்க, எல்லாம். ரிப்பேர்னு கூப்பிட்டா மொதல்ல அந்த நோட்டத்தான் கேப்பேன்” என்றார். அதனால் சபையில் கொடுத்து, ஒரு எழுத்தும் எழுதாமல் கிடந்த டயரியை எடுத்திருக்கிறேன். அதில் பாதி வருஷம் ஏற்கெனவே போய்விட்டது. போன பாதியைப் பற்றி எழுத எனக்கும் ஆசையில்லை.

வசந்தன் படிக்கப்போகிற நோட்டு என்பதால் யார் யார் என்று எழுதிவிடுகிறேன். இவர் என்றால் எபினேசர், என் வீட்டுக்காரர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஷெட்டில், நாங்கள் செய்யும் தோல் பைகளுக்கு அளவும் வடிவமும் போடுகிறார். தில்ஷாத் தைக்கிறவள். மற்றதெல்லாம் நான்.

சோதனைக்கு ஒரு துண்டுத் தோலில் எழுத்துப் பொறித்துப் பார்க்கலாம், ஒரு பேர் சொல்லுங்கள் என்றார் வசந்தன். நான் ‘இயேசு’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர், “சுகிர்தா” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளி ஆள் முன்னால் என் பேரை முழுசாகச் சொன்னதே கிடையாது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெஷினின் தலை அங்குமிங்கும் ஓடியது, புகை வந்தது, உள்ளங்கை அளவுத் துண்டில் கறுப்பாக என் பேர். தில்ஷாத் கைதட்டினாள்.

மெஷின் எதற்கு வாங்கினோம் என்றால், கையால் வெட்டினால் ஆர்டருக்குத் தாங்காது. அவ்வளவுதான். இவருடைய கத்திகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வெளியே கிடந்தால் துருப்பிடிக்கும்.

ஜூன் 6

மாட்டுத்தோல், மரப்பட்டையில் பதப்படுத்தியது. வேகம் கொஞ்சம் கூடிப்போய் அடிவரை அறுக்கவில்லை. குறைத்தேன். அறுத்தது, ஆனால் ஓரமெல்லாம் கரி.

நாற்றம் தாங்கவில்லை. “ஆட்டுத்தலைய நெருப்புல வாட்டுற நாத்தம்க்கா. மதியத்துக்குச் சோறே வேணாம்” என்றாள் தில்ஷாத். புகைக்குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா என்றைக்குச் சண்டைக்கு வரப்போகிறாளோ தெரியாது.

வெட்டின ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் கரியை எடுக்க வேண்டும். அதை இவருக்குக் கொடுத்தேன். என்ன பொறுமை! துண்டை மடியில் வைத்து, ஒரே பக்கமாக, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோலத் துடைக்கிறார். நானும் தில்ஷாத்தும் துடைத்தவை இவர் துடைத்தவற்றுக்குப் பக்கத்தில் நிற்காது.

ஜூன் 19

பெங்களூர் கடைக்காரம்மா நீரஜா ஆர்டரை உறுதி செய்துவிட்டார். தோளில் மாட்டுகிற பை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்ப வேண்டும். வடிவம் இவர் போட்டது. முன்பக்க மூடி சரிந்து வரும். இரண்டு பக்கத் துண்டும் ஒன்றுபோல இருக்காது, ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும்.

வசந்தனுக்குப் புரிய எழுதுகிறேன். தோலுக்கு நல்ல முகம் ஒன்றுதான். இடப்பக்கத் துண்டைத் திருப்பிப் போட்டு வலப்பக்கம் ஆக்கிக்கொள்ள முடியாது, சொரசொரப்பான உள்பக்கம் வெளியே வந்துவிடும். அதனால் அட்டை வடிவத்தை ஒருமுறை நேராகப் போட்டு வெட்டி, அப்புறம் கவிழ்த்துப் போட்டு வெட்ட வேண்டும். கம்பெனியில் முதல் வாரம் சேர்ந்தவன்தான் கவிழ்க்க மறப்பான். எல்லாமே இடப்பக்கமாக வெட்டி வைத்து, மாஸ்டரிடம் திட்டு வாங்குவான்.

ஏப்ரலில் இவர் அப்படி வெட்டிவிட்டார். நல்ல தோல், முழுசும். இரண்டும் இடப்பக்கம். தில்ஷாத் தைக்க உட்கார்ந்து, இரண்டு துண்டையும் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். இவர் எங்களுக்கு நடுவில் நின்று, “இன்னா, சரியா இல்லியா?” என்று கேட்டார். அப்போது இவருக்கு ஜுரம். ஜுரத்தில் யாருக்கும் கண் மறைக்கும்.

மெஷினில் அந்தத் தொல்லை இல்லை. மகள் ஜெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது இவருடைய அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். இடது ஒரு கட்டளை, வலது ஒரு கட்டளை. பட்டனை அழுத்தினால் போதும்.

ஜூலை 2

லென்ஸ் துடைத்தேன். என் பேர் பொறித்த துண்டைத் தேடினேன், காணோம். குப்பையோடு போயிருக்கும்.

ஜூலை 13

ஞாயிறு. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன், இவர் திறக்கவேயில்லை. முதல் சரணத்திலிருந்து கடைசி சரணம் வரைக்கும், ஒரு வார்த்தை பிசகாமல், அடிக்குரலில். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மறதிக்காரர் இப்படிப் பாடுவாரா? யாராவது வந்து சொல்லட்டும் பார்க்கலாம்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் பக்கம் திரும்பினார். “இந்தப் பக்கம் எங்கே?” என்றேன். “ஊட்டுக்குத்தான்” என்றார். ஜெனிட்டா பிறந்தபோது அங்கேதான் வாடகைக்கு இருந்தோம். நல்ல வெயில். வெயிலில் எனக்கே தலை சுற்றியது. கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மட்டன் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்.

ஜூலை 29

எருமைத்தோல், வேகம் இன்னும் குறைவாக வைத்தேன். காலையில் இடப்பக்கம் எல்லாம் வெட்டியாகிவிட்டது. வலப்பக்கத்துக்குப் புதுத் தோலை இவர் விரித்து வைத்தார், நான் பட்டனை அழுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். மெஷின் சரியாகத்தான் வலது வெட்டியது. ஆனால் தோலைத் தலைகீழாக, உள்பக்கம் மேலே வருகிற மாதிரி விரித்திருக்கிறார். வெட்டி எடுத்துத் திருப்பினால் எல்லாமே இடது.

இவர் கரி துடைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்து அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

தில்ஷாத் கையில் எடுத்தாள். நான் முந்திக்கொண்டு, “நான்தான்டி அவசரத்துல தப்பா விரிச்சிட்டேன்” என்றேன். இவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. தில்ஷாத் துண்டுகளைத் திரும்ப அடுக்கி வைத்தாள். அப்புறம், “இதுல சின்ன பர்ஸ் போட்டுக்கலாம்க்கா. இடது வலது இல்லாத மாதிரி” என்றாள்.

தங்கமான பெண். எல்லாம் தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாளே என்று அவள் மேல் கோபமும் வருகிறது.

ஆகஸ்ட் 5

புகைக்குழாய் கழுவினேன். இப்போதெல்லாம் இவர் ‘சுகி’ என்று கூப்பிடுவதில்லை. ‘ஏம்மா’ என்கிறார். வயசாக ஆக ஆண்கள் எல்லோரும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 16

காற்று ஊதும் குழாய் அடைத்துக்கொண்டால் தோல் பற்றிக்கொள்ளும், ஓடும்போது ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று வசந்தன் சொல்லித்தான் போனார். இவரை நிற்க வைத்தேன். வாசலில் நூல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது நாற்றம் மாறியது. ஓடி வந்து பார்த்தால் மெஷின் மூடிக்குள் தீ. இவர் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தண்ணி! தண்ணி கொண்டாங்க!” என்று கத்தினேன். உடனே ஓடினார். நான் மெயினை அணைத்து, ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டேன். தண்ணீர் வரவேயில்லை. வெளியே போய்ப் பார்த்தால், குடத்தைச் சாய்த்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாவம், வாடிப்போயிருந்துது” என்றார்.

நான் கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் அடி வாங்கின பிள்ளை மாதிரி நின்றார்.

மெஷினுக்குப் பெரிய சேதமில்லை. ஒரு தோல் போயிற்று. இந்த நோட்டை வசந்தனுக்குக் காட்ட முடியாது, அவருக்கு வேறு நோட்டு போட வேண்டும். இது எனக்கே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17

நேற்று நடந்தது எதுவும் இவருக்கு நினைவில்லை. எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 7

ஜெனிட்டா வந்திருக்கிறாள். காலையில் நாஷ்டா சாப்பிடும்போது இவர் அவளிடம், “வேல எப்படிப் போவுது?” என்று கேட்டார். சொன்னாள். இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்டு, “வேல எப்படிப் போவுது?” என்றார். திரும்பவும் சொன்னாள். மூன்றாவது தடவை எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டாள்.

“அம்மா, எத்தன நாளா இப்படி?”

“எப்படி?”

“நடிக்காதம்மா.”

“நேத்து சரியாத் தூங்கல அவரு. கொசு.”

“தில்ஷாத் அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. தீப்பிடிச்சது வரைக்கும்.” அழுதுகொண்டே பேசினாள். “வேலூருக்குக் கூட்டினு போலாம். அப்புறம் ஷெட்ட மூடிட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. நெருப்பு, மெஷினு, கத்தி இருக்கிற எடத்துல அப்பாவ எப்படிம்மா வுட்டு வெச்சிருக்கே?”

“கத்தி பீரோவுல கீது. சாவி என்கிட்ட கீது” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஜெனிட்டா என்னை அப்படியே கட்டிக்கொண்டாள்.

ஷெட்டை மூட முடியாது என்று சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர் மாடி வீட்டில் இவர் எதைத் துடைப்பார்? காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் வந்து உட்காருகிறவரைக்கும்தான் இவர் எபினேசர் மாஸ்டர். அந்த ஸ்டூலை எடுத்துவிட்டால் வெறும் நோயாளி. சண்டை போட்டு, கடைசியில் ஒத்துக்கொண்டாள். பெங்களூர் ஆர்டர் முடிகிறவரைக்கும் பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள். இவரைக் கவனிக்க நம்பிக்கையான ஆள் ஒருத்தி கிடைத்தால் மட்டும் இங்கேயே விட்டுவைக்க யோசிப்பாளாம்.

ஒன்றை மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இவரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. இவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தாங்க மாட்டார்.

செப்டம்பர் 19

வேலூர் போனோம். கண் டெஸ்ட் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண், பொறுமையாகப் பேசினார். ஒரு டப்பா படத்தைக் காட்டி, அதேமாதிரி வரையச் சொன்னார். இவர் பென்சிலை வாங்கி நுனியைப் பார்த்தார், பிடிக்கவில்லை, இருந்தாலும் வரைந்தார். சிலுவை மாதிரி ஒட்டி ஒட்டி ஆறு சதுரம், சுற்றிலும் இன்னொரு கோடு. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. டாக்டர் ஓரத்தில் தப்பு என்று குறித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. “டாக்டர், இது தப்பில்ல. டப்பாவப் பிரிச்சிப் போட்டிருக்காரு. இத வெட்டி மடிச்சா அந்த டப்பாதான் வரும். சுத்தி இருக்கிற கோடு தையலுக்கு வுட்டது” என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆமாம்மா, அழகா இருக்கு” என்றார். குறித்ததை அடிக்கவில்லை.

இது என்ன மாசம் என்று கேட்டார். இவர் என்னைக் காட்டி, “அத அவங்களையே கேளுங்க” என்றார். எந்த ஊரில் இருக்கிறோம்? “அவங்களையே கேளுங்க. இவங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது.” டாக்டர் சிரித்து, “சரி, இவங்க பேர் என்ன?” என்றார். இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர் மாதிரி சட்டைப் பைக்குள் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். “சுகிர்தா” என்றார்.

போதும். மாசமும் ஊரும் யாருக்கு வேண்டும்? டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வியாதியின் பேரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. “அவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர்” என்று கேட்டுக்கொண்டேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். சரியாவதற்கு இல்லை, மெதுவாகப் போவதற்கு.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

செப்டம்பர் 20

மெஷின் ஓடவில்லை. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 11

நீரஜா வந்துவிட்டுப் போனார். பை செய்கிற இடத்தைக் கொஞ்சம் வீடியோ எடுக்க வேண்டுமாம், கடையில் போடுவார்களாம். இவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் ஒரு துண்டும் துணியும் கொடுத்தேன். “ரொம்பப் பேச வேணாங்க, கேட்டதுக்குச் சொன்னாப் போதும்” என்றேன். “நான் எப்போ பேசியிருக்கேன்?” என்றார். அதுவும் உண்மைதான்.

இந்த வடிவம் எப்படித் தோன்றியது என்று கேட்டார் நீரஜா. “அவங்களையே கேளுங்க” என்று என்னைக் காட்டினார். எத்தனை வருஷமாக இந்த வேலை? “அவங்களுக்குத்தான் கணக்கு தெரியும்.” பிடித்த பை எது? “அவங்க எதச் சொல்றாங்களோ அது.” நீரஜா என் பக்கம் திரும்பி, “இப்படி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்றார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தில்ஷாத் தையல் மெஷினை வேகமாக ஓட்டினாள், முகத்தைக் காட்டவில்லை.

எவ்வளவு அழகாக என்னை முன்னால் நிறுத்தினார்! முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வியாதி வந்து மனசிலிருப்பதை வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 30

மெஷினுக்குள் இருக்கும் கண்ணாடிகள், லென்ஸ் துடைத்தேன். மழை. தோல் ஈரம் வாங்கியிருக்கிறது, அறுக்க நேரமாகிறது.

நவம்பர் 8

காலையில் கொடுத்த துண்டையே மத்தியானம் வரைக்கும் துடைத்துக்கொண்டிருந்தார். கரி போய், சாயமும் போய், ஓரம் வெளுத்துவிட்டது. வாங்கப் போனேன், விடவில்லை. “இன்னும் போவலம்மா” என்றார். கட்டை விரல் நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. கையைப் பிடித்து எண்ணெய் தடவினேன். தடவி முடிகிறவரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி பைக்கு வேண்டிய துண்டுகளை நானே துடைக்கிறேன். கழித்துப் போட்ட துண்டுகளைக் கூடையில் போட்டு இவர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஜூலையில் தப்பாகிப் போனதில் மிச்சமிருக்கிற இடப்பக்கங்கள்தான். இவர் துடைத்து அடுக்குவார். இவர் சாப்பிடப் போனதும் அவற்றில் கொஞ்சம் அடுப்புக்கரி தடவித் திரும்பக் கூடையில் போட்டுவிடுவேன். அடுப்புக்கரிக்காகவே பழைய மண் அடுப்பை மூட்டுகிறேன் என்றால் பார்க்கிறவர்கள் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

நவம்பர் 23

ஜெனிட்டா போன். அங்கே அறையெல்லாம் தயார் பண்ணிவிட்டாளாம். ஜன்னலுக்குக் கம்பி வைத்தாளாம். நான் ‘ம்’ என்றேன்.

டிசம்பர் 9

தில்ஷாத் அவள் அக்கா மகள் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருக்கிறாள். காலையிலிருந்து விட்டு விட்டு மழை. பெங்களூர் பைகளில் கடைசித் துண்டுகளை வெட்டி எடுத்துக்கொண்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து துடைத்தேன். எதிரே இவர், தன் கூடையோடு.

“நீ புதுசா வந்தியாம்மா?” என்றார்.

கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். முன்பு பண்ணுவார். “ஆமா, இன்னிக்குத்தான்” என்றேன்.

“நல்லாத் தொடைக்கிறே. ஓரத்த மட்டும் அழுத்தாத. கரி உள்ள போய்டும்.”

நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை. புதிதாக வருகிற பெண்களிடம் பேசுவாரே, அந்த மரியாதையான முகம். என் கை நின்றுவிட்டது. “சரிங்க” என்றேன்.

“எங்க ஊட்டுக்காரம்மா கொஞ்சம் கத்துவாங்க. பயந்துடாத. மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டாங்க.”

“சரிங்க.”

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஸ்டூலை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். “ஒண்ணு சொல்றேன். அவங்ககிட்ட சொல்லிடக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“எனக்கு எல்லாம் மறந்து போவுதும்மா. ரொம்ப நாளாவே. எது எடது, எது வலதுன்னு தெரியல. இந்தக் கூடையில இருக்கிறதெல்லாம் ஒரே பக்கமாத் தெரியுது, சரியா தப்பான்னு புரியல. ஒரு நாளு எல்லாத்தையும் தப்பா வெட்டிட்டேன் போல. அதுலேர்ந்து பயம்.” துணியை மடித்தார், பிரித்தார். “அவங்களுக்குத் தெரியாது. நான் சமாளிச்சிகினு வர்றேன். யாரு இன்னா கேட்டாலும், அவங்களையே கேளுங்கன்னு சொல்லிடுவேன். அவங்களுக்கும் சந்தோசம்.”

நீரஜா வந்த நாளில் நான் எப்படிச் சிரித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“சொல்லிட்டா இன்னாங்க?” என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு ஆளுடையது மாதிரி இருந்தது.

“ஐயோ, வேணாம். தாங்க மாட்டாங்க.”

சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு துண்டுத் தோலை எடுத்தார். உள்ளங்கை அளவு. மெஷின் வந்த அன்று பொறித்தது. கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஓரம் மழமழவென்று ஆகியிருந்தது. எழுத்தில் இருந்த கரியெல்லாம் போய், வெறும் பள்ளம் மட்டும் இருந்தது. அதில் விரலை வைத்துத் தடவினார்.

“பேரு கூட சமயத்துல போய்டுது. அதுக்குத்தான் இது. யாராவது கேட்டா சட்டுனு பாத்துப்பேன்.” என்னிடம் நீட்டினார். “சுகிர்தா. நல்ல பேருல்ல?”

“நல்ல பேருங்க.”

“அவங்களும் நல்லவங்கதான். என்னால ரொம்பக் கஷ்டம் அவங்களுக்கு.” துண்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். “உன் பேரு இன்னாம்மா?”

வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அந்தத் துண்டைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். இத்தனை மாசம் யாரிடமிருந்து மறைத்தாரோ அவள்தான் நான் என்று புரிந்துபோகும். தன் பெண்டாட்டியிடமே போட்டு உடைத்துவிட்டோம் என்று தெரியும். ஒரு நிமிஷத்தில் மறந்தும்விடுவார். ஆனால் அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே.

“மேரி” என்றேன்.

“நல்லா வேல செய்றே மேரி. அவங்க வந்ததும் சொல்றேன், உன்ன வெச்சிக்கச் சொல்லி.”

குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ வந்துகொண்டேயிருந்தது. நான்தான் இவரிடமிருந்து மறைக்கிறேன் என்று இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இரண்டு பேரும் ஒரே பக்கத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

திரும்பி வந்தபோது எனக்காகக் காத்திருந்த துண்டுகளில் பாதியை இவரே துடைத்து வைத்திருந்தார். ஒரு பழுதில்லை.

டிசம்பர் 12

நேற்று சாயந்திரம் சுகி என்று கூப்பிட்டார். இன்று காலையில், “மேரி, டீ குடிச்சியா?” என்றார். இரண்டுக்கும் ‘ம்’ என்றுதான் சொன்னேன். தில்ஷாத் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளும், “மேரி, அந்த நூல எடு” என்றாள்.

டிசம்பர் 18

பெங்களூர் பைகள் போயாயிற்று. ஒவ்வொன்றிலும் இடது ஒன்று, வலது ஒன்று. பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன்.

டிசம்பர் 20

ஜெனிட்டா போன். டிக்கெட் போட்டுவிட்டாளாம்.

“அப்பாவப் பாத்துக்க ஒரு ஆளு கெடைச்சிருக்கா. மேரின்னு பேரு” என்றேன்.

“நெஜமாவா? எப்போலேர்ந்து?”

“பத்து நாளா வர்றா. அப்பாவுக்குப் பிடிச்சிப் போச்சு. அவகிட்ட எல்லாம் சொல்றாரு.”

“உன்கிட்ட சொல்லாததையா?”

“ஆமா. என்கிட்ட சொல்லாததையெல்லாம்.”

“நம்பிக்கையான ஆளாம்மா?”

எதிரே ஸ்டூலில் இவர் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், யார் என்று நினைத்துக்கொண்டு ஆட்டினாரோ தெரியவில்லை.

“தெரியலடி. இப்போதான வந்திருக்கா. பாக்கணும்” என்றேன்.

லென்ஸ் துடைத்தேன்.